தற்காப்புக்கு எந்தக் கலை, எந்த வகுப்பு? புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு புதுச்சேரியில் லாஸ்பேட்டை, முதலியார்பேட்டை, அந்தப் பக்கம் கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று எங்கே பார்த்தாலும் மின்கம்பங்களில் தட்டிகள் தொங்கும். கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ, கிக் பாக்ஸிங், குங்ஃபூ. காலைத் தலைக்கு மேலே தூக்கிய ஒரு பையனின் படம். கீழே, "தற்காப்புக் கலை வகுப்பு, சேர்க்கை நடைபெறுகிறது". படிக்கிற பெற்றோருக்கு உடனே வரும் சந்தேகம், இதில் எது நல்லது என்பதுதான். டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். கராத்தேதான் என்பார் ஒருவர். நம்ம சிலம்பத்துக்கு முன்னாடி அதெல்லாம் நிக்குமா என்பார் இன்னொருவர். மூன்றாமவர், வர்மத்தில் ஒரு தட்டு தட்டினால் ஆள் சுருண்டுவிடுவான், ஆனால் அந்த ரகசியத்தை யாரும் சொல்லித்தர மாட்டார்கள் என்று முடித்துவைப்பார்.

மூவரும் பேசுவது கலையின் பெயரைப் பற்றி. ஆனால் நெருக்கடியில் கைகொடுக்குமா கொடுக்காதா என்பதில் பெயருக்கு இருக்கும் பங்கு கொஞ்சம்தான். அந்த வகுப்பில் மாலை ஆறு மணி முதல் ஏழரை வரை பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே கராத்தே பிரிவைக் கற்றுத்தரும் இரண்டு வகுப்புகளில், ஒன்றில் படித்தவர் தன்னைக் காத்துக்கொள்வார், மற்றொன்றில் படித்தவருக்கு அழகான சீருடையும் ஒரு சான்றிதழும் மிஞ்சும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

ஒரே தட்டியில் மூன்று சரக்கு

தற்காப்புக் கலை என்ற பெயரில் மூன்று தனித்தனி விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, கலை. தலைமுறைகளாக வந்த அசைவுகள், ஒழுக்கம், உடல் வளைவு, ஆசானுக்கும் மாணவருக்கும் உள்ள உறவு. இரண்டாவது, விளையாட்டு. விதிகள், புள்ளிகள், எடைப் பிரிவுகள், பதக்கம், பள்ளி கல்லூரி விளையாட்டு ஒதுக்கீடு. மூன்றாவதுதான் தற்காப்பு. நாம் கேட்காமல் வந்து விழும் ஒரு தாக்குதலிலிருந்து, முடிந்தவரை குறைந்த அடியோடு பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்வது. இந்தக் கட்டுரை முழுக்கத் தற்காப்பு என்று சொல்வது இதை மட்டும்தான்.

கவனித்தீர்களா, இந்த மூன்றாவதில் "ஜெயிப்பது" என்ற பேச்சே இல்லை. சண்டை தொடங்கும் முன்பே சந்து திரும்பி ஓடிவிட்ட ஆளுக்குத் தற்காப்பில் முழு மதிப்பெண்.

மூன்றும் நல்லவைதான். ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு இன்னொன்று கிடைத்ததாக நம்பும்போதுதான் சிக்கல். மகளுக்கு மாநிலப் போட்டிப் பதக்கம் வேண்டுமென்றால் விளையாட்டு வகுப்பில் சேருங்கள், நன்றாகவே இருக்கும். அந்தப் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, இனி ராத்திரி பத்து மணிக்கு டியூஷனிலிருந்து தனியாக வரட்டும் என்று முடிவெடுக்காதீர்கள்.

கை ஓங்குவதற்கு முன்னால்

நம் ஊரில் ஒருவருக்கு வரக்கூடிய தொல்லைகளை நேர்மையாக எண்ணிப் பார்த்தால், சினிமாவில் வருவது போல எதிரெதிரே நின்று மோதும் சண்டை கடைசியில்தான் வரும்.

சங்கிலிப் பறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் இரண்டு பேர் பின்னாலிருந்து வருவார்கள். ஓரிரு வினாடியில் முடிந்துவிடும். எந்தக் கலையின் எந்த உதையும் அங்கே உதவாது. வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடப்பது, சங்கிலியைத் துப்பட்டாவுக்குள் விடுவது, பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுவது, இவைதான் உதவும்.

சனி, ஞாயிறு இரவுகளில் புதுச்சேரி ஒயின்ஷாப் வாசல்களையும், கடலூர் சாலையில் முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். தள்ளாடுகிற ஒருவர் "என்னடா முறைக்கிற?" என்பார். அங்கே தேவைப்படுவது இரண்டு அடி பின்னால் போவது, இரண்டு கைகளையும் விரித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டு "ஒண்ணுமில்லண்ணே, நீங்க போங்க" என்று சொல்வது. மானம் போய்விட்டதாக நினைப்பவர்கள் அன்றைக்கு மருத்துவமனைக்கும் போக நேரிடலாம். கைகள் அப்படி நெஞ்சுக்கு முன்னால் இருப்பதில் ஒரு நுணுக்கமும் உண்டு. பார்ப்பவர்களுக்கு அது சமாதானம் பேசுவதாகத் தெரியும். அதே நேரத்தில் முகத்துக்கு வரும் அடியைத் தடுக்க கைகள் ஏற்கெனவே பாதி வழியில் இருக்கும்.

கடலூர் பஸ்ஸில் நெரிசலில் ஒருவன் கை வைக்கிறான் என்றால், முதல் ஆயுதம் குரல். "கையை எடு!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வதற்குப் பயிற்சி வேண்டும். நம் பெண்பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லியே வளர்த்திருக்கிறோம், அதனால் அந்தச் சத்தம் தானாக வராது. பெண்களுக்கான தற்காப்பு வகுப்பு என்று சொல்லிக்கொண்டு, சத்தமாகக் கத்துவதைப் பழக்காத வகுப்பைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்வது, பாலியல் வல்லுறவு வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர் என்பதைத்தான். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பழகியவர். முகமூடி போட்ட அந்நியனை மட்டும் மனத்தில் வைத்துக் குத்துவிடப் பழக்குகிற வகுப்பு, பெரிய ஆபத்தைத் தொடவே இல்லை. "மாமாவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம், வீட்டில் வந்து சொல்லலாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசலாம்" என்று ஒரு குழந்தைக்குப் புரியவைப்பது தற்காப்பின் மிகப் பெரிய பாடம். அதற்கு வெள்ளைச் சீருடை தேவையில்லை.

இதுவரை பார்த்தது: தற்காப்பில் பெரும்பகுதி கவனம், தூரம், குரல், விலகல் ஆகியவற்றில் முடிந்துவிடுகிறது. இவையெல்லாம் தோற்றுப்போய் ஒருவர் கையைப் பிடித்துவிட்ட பிறகு மிஞ்சும் சிறு பகுதிக்குத்தான் குத்தும் உதையும் பிடியும். அந்தச் சிறு பகுதியை எது பயனுள்ளதாக்குகிறது என்று இனிப் பார்க்கலாம்.

எட்டுப் போட்டால் வண்டி ஓட்டத் தெரியுமா?

இருசக்கர வாகன உரிமம் வாங்க மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். கால் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், இரண்டு வளைவு. நன்றாகப் பழகினால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அப்படிப் போட்டவரை ஞாயிற்றுக்கிழமை மாலை காந்தி வீதிச் சந்தைக்குள் வண்டியோடு அனுப்புங்கள். குறுக்கே தள்ளுவண்டி, பேரம் பேசிக்கொண்டே பின்னால் நகரும் அம்மா, திடீரென்று கதவைத் திறக்கும் ஆட்டோ. எட்டு அங்கே எதற்காகும்? வளைக்கும் கை வந்திருக்கும், அது உண்மை. ஆனால் எதிரே வருகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று ஊகித்து அந்தக் கணத்தில் முடிவெடுக்கும் திறமை, எட்டை ஆயிரம் முறை போட்டாலும் வராது. ஏனென்றால் எட்டுக்கு எதிராளி கிடையாது.

தற்காப்பு வகுப்புகளிலும் இப்படி இரண்டு வகைப் பயிற்சி இருக்கிறது. கராத்தேயில் கட்டா என்பார்கள். எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, முன்பே வகுத்த வரிசையில் தனியாகச் செய்யும் அசைவுகள். சிலம்பத்திலும், வெறுங்கையால் சண்டையிடும் குத்துவரிசையிலும் வரிசை பிடிப்பது என்று இருப்பதும் ஏறக்குறைய இதுதான். கொஞ்சம் முன்னேறி, ஜோடியாக நின்று ஒருவர் மெதுவாகக் குத்த, மற்றவர் சொல்லிக்கொடுத்தபடி தடுப்பார். இதுவும் எட்டுதான். குத்து எங்கே வரும் என்று இருவருக்கும் முன்பே தெரியும்.

மற்றது, எதிர்ப்புப் பயிற்சி. எதிரே நிற்பவர் நம்மை ஜெயிக்கவிடக் கூடாது என்று உண்மையாகவே முயல்வார். எப்போது, எங்கே, எதைச் செய்வார் என்று நமக்குத் தெரியாது. வகுப்புகளில் ஸ்பாரிங், ஃபைட், மல்லுப்பிடி என்று சொல்வதெல்லாம் இதன் வடிவங்கள். வேகத்தைக் குறைத்துச் செய்யலாம், பாதுகாப்புக் கவசம் மாட்டிச் செய்யலாம். ஆனால் எதிராளி ஒத்துழைக்கக் கூடாது, அதுதான் முக்கியம்.

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு ஒரு பயிற்சி முறையையே கட்டியவர் ஜப்பானின் ஜிகோரோ கானோ. சிறிய உடம்புக்காரர், ஜுஜுட்ஸு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலைப் பள்ளிகளில் பயின்றவர். 1882-ல் தோக்கியோவில் ஒரு கோயில் இடத்தில் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். பழைய முறைகளில் இருந்த கண்ணைக் குத்துவது, விரலை முறிப்பது போன்ற ஆபத்தான உத்திகளைத் தினசரிச் சண்டைப் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தார். பலவீனமாக்கிவிட்டார் என்றுதான் நமக்குத் தோன்றும். நடந்ததோ வேறு. ஆபத்து குறைந்ததால் மாணவர்கள் முழு பலத்தோடு, எதிர்க்கும் ஆளின் மேல், நாள் தவறாமல் தூக்கிப்போட்டுப் பழக முடிந்தது. கண்ணைக் குத்தும் உத்தியை யாரால் யார் மேல் தினமும் பழக முடியும்? பழகாத கொடூரமான உத்தியைவிட, நூற்றுக்கணக்கான முறை எதிர்ப்புக்கு நடுவே பழகிய சாதாரணத் தள்ளல் மேல்.

"எங்க கலை ரொம்ப ஆபத்தானது, அதனால ஸ்பாரிங் வெச்சுக்கறதில்ல" என்று சொல்லும் வகுப்புகள் உண்டு. கானோவின் கதையை நினைத்துக்கொண்டு அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

அந்தக் கணத்தில் உடம்புக்கு என்ன ஆகிறது

ஏன் எதிர்ப்புப் பயிற்சி இவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு உடல் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, நேரம். ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும் என்று முன்பே சொல்லி உட்காரவைத்தால்கூட, கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைய ஏறக்குறைய கால் வினாடி ஆகும். இதை எதிர்வினை நேரம் என்கிறோம். எந்த விளக்கு எரியும் என்று தெரியாமல், விளக்குக்கு ஏற்ற பொத்தானைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இன்னும் தாமதமாகும். கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பவரின் குத்து அதற்குள் வந்து சேர்ந்துவிடும். ஆகவே குத்தைப் பார்த்து, அதற்கான தடுப்பை நினைவிலிருந்து எடுத்து, தடுப்பது என்பது அவ்வளவு அருகில் நிற்கும்போது நடக்காத காரியம். அனுபவசாலிகள் குத்தைப் பார்ப்பதில்லை. தோள் இறங்குவது, எடை முன்காலுக்கு மாறுவது, மூச்சு மாறுவது போன்ற முன்னறிகுறிகளைப் பிடிக்கிறார்கள். தூரத்தையும் தங்கள் பிடியிலேயே வைத்திருக்கிறார்கள். ஒத்துழைக்கும் ஜோடியோடு பழகியவருக்கு இந்த அறிகுறிகள் கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே யாரும் எதையும் மறைக்க முயல்வதில்லை. எண்பது தடுப்பு தெரிந்தவரைவிட மூன்று தடுப்பு தெரிந்தவர் வேகமாக இருப்பதற்கும் இதுவே காரணம். தேர்ந்தெடுக்க வேண்டியது குறைவு.

இரண்டாவது, அட்ரினலின். பயமோ கோபமோ வந்ததும் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பிகள் ரத்தத்தில் கலக்கும் சுரப்பு நீர் இது. இதயம் படபடக்கும், மூச்சு மேலேறும், வாய் வறளும், கை நடுங்கும். பார்வை எதிரே உள்ளவர் மேல் மட்டும் குவிந்து, பக்கவாட்டில் வரும் அவருடைய நண்பர் தெரியாமல் போவார். பெரிய தசைகளுக்குப் பலம் கூடும். ஆனால் விரல் நுணுக்கம் கெட்டுவிடும். சாவியைப் பூட்டில் நுழைக்க முடியாமல் தடுமாறுவது அதனால்தான். சுண்டுவிரலைப் பிடித்து, மணிக்கட்டை இந்தக் கோணத்தில் திருப்பி, பிறகு முழங்கையை அழுத்தி என்று ஐந்து படி உள்ள உத்தி அந்த நிலையில் இரண்டாம் படியைத் தாண்டாது. தள்ளுவது, முழங்கையால் இடிப்பது, தலையை மூடிக்கொண்டு முன்னேறுவது போன்ற முரட்டு அசைவுகள் நிற்கும்.

சிலர் பயத்தில் அப்படியே உறைந்துபோவார்கள். கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம், அது உடம்பின் இயல்பான ஒரு பதில். ஸ்பாரிங்கில் முதன்முறையாக மூக்கில் ஒரு தட்டு வாங்கும் ஆள் உறைந்துதான் நிற்பார். ஆறாவது மாதத்தில் அதே தட்டுக்கு நகர்ந்துவிடுவார்.

சுருக்கமாக: அருகில் நிற்பவரின் கையை நாம் முந்த முடியாது, அதனால் தூரமும் முன்னறிகுறியும் வேண்டும். பயத்தில் நுணுக்கம் போய்விடும், அதனால் குறைவான எளிய அசைவுகள் வேண்டும். இரண்டையும் எதிர்க்கும் ஆளோடு மட்டுமே கற்க முடியும்.

ஒவ்வொரு விதியும் விட்டுவைக்கும் ஓட்டை

சரி, எதிர்ப்புப் பயிற்சி இருக்கும் கலைகள் எல்லாமே சமமா? இல்லை. பாதுகாப்பாகப் பழக ஒவ்வொன்றும் சில விதிகளை வைத்திருக்கிறது. விதி எதை விலக்குகிறதோ அங்கே மாணவருக்கு ஓர் ஓட்டை விழும்.

குத்துச்சண்டையில் கை வேகமும் தலையை நகர்த்துவதும் மிக நன்றாக வரும். உதையும் கட்டிப்பிடித்து வீழ்த்துவதும் கிடையாது. ஒலிம்பிக் டேக்வாண்டோவில் கையால் முகத்தில் குத்தக் கூடாது. அதனால் கால்கள் அற்புதமாக வேலை செய்யும், கைகள் கீழே தொங்கும். தெருவில் முதலில் வருவது முகத்துக்கான கைதான். கராத்தே ஒரே கலை அல்ல. பெரும்பாலான போட்டிகளில் தொட்டதும் நிறுத்திப் புள்ளி தருவார்கள், தூரத்தைக் கணிப்பது நன்றாக வரும். கியோகுஷின் பிரிவில் உடம்பில் முழு பலத்தோடு அடிக்கலாம், ஆனால் கையால் தலையில் குத்தக் கூடாது. தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவே தாயில் முழங்கை, முழங்கால், கழுத்துப் பிடி எல்லாம் உண்டு. ஜூடோ, மல்யுத்தம், பிரேசிலிய ஜியு ஜிட்ஸு மூன்றிலும் பிடியும் வீழ்த்தலும்தான், அடி கிடையாது. கட்டிப்பிடித்த ஆளிடமிருந்து விடுபடவும், கீழே விழுந்தால் எழவும் இவற்றைவிட நல்ல பள்ளி இல்லை.

1993-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் வெவ்வேறு கலைக்காரர்களை மிகக் குறைந்த விதிகளோடு மோதவிட்ட முதல் யுஎஃப்சி போட்டி நடந்தது. ஜெயித்தவர் ஒல்லியான ஜியு ஜிட்ஸு வீரர் ஹாய்ஸ் கிரேஸி. பெரிய உருவங்களைத் தரையில் கொண்டுபோய்ப் பிடியில் பணியவைத்தார். அன்றிலிருந்து, தரைச் சண்டை தெரியாதவர் பாதி ஆள் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. அதில் நியாயம் உண்டு. ஆனால் மேடையில் மெத்தை விரித்திருந்தது, எதிராளி ஒருவர்தான், இடுப்பில் கத்தி கிடையாது. கருங்கல் ஜல்லி கொட்டிக் கிடக்கும் ரோட்டோரத்தில், எதிராளிக்கு இரண்டு நண்பர்கள் இருக்கும்போது, விரும்பித் தரைக்குப் போவது புத்திசாலித்தனம் இல்லை. விழுந்தால் எழுந்து ஓடுவதற்காகத் தரைப்பிடியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இஸ்ரேலிலிருந்து வந்த கிராவ் மகா, "பெண்கள் தற்காப்பு முகாம்" போன்றவை நேரடியாகத் தற்காப்பு என்ற பெயரிலேயே வருகின்றன. சூழ்நிலையை யோசிக்கக் கற்றுத்தருவது இவற்றின் பலம். எதிர்ப்புப் பயிற்சி இல்லாமல் இரண்டு நாள் முகாமாக முடிந்தால், கொஞ்சம் விழிப்புணர்வும் நிறைய அசட்டுத் துணிச்சலும் மிஞ்சும்.

சிலம்பமும் வர்மமும்

நம் மண்ணுக்கு வருவோம். சிலம்பத்தை மேடைச் சுழற்றலாக மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் முக்கால்வாசி தெரியாது. கம்பைவிட அதில் பெரிய சொத்து காலடி. எப்படி விலகுவது, எந்தக் கோணத்தில் நுழைவது, எதிராளியின் கம்பு எட்டாத தூரத்தில் எப்படி நிற்பது என்று காலுக்குச் சொல்லித்தருவது. தூரக் கணக்கை இதைவிட அழுத்தமாகச் சொல்லித்தரும் கலைகள் குறைவு. குடை, நடைக்கம்பு, துடைப்பக்கட்டை என்று கையில் எது கிடைத்தாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

ஆனால் சிலம்பத்திலும் எட்டும் உண்டு, சாலையும் உண்டு. தனித்திறமைப் பிரிவில் ஒருவர் தனியாகச் சுழற்றிக் காட்டுவார். தொடுமுறையில் இருவர் மோத, கம்பு எதிராளியின் உடம்பில் பட்டால் புள்ளி. நீங்கள் பார்க்கும் வகுப்பில் ஆண்டுவிழாவுக்காகத் தீப்பந்தம் சுற்றுவது மட்டும்தான் நடக்கிறதா, தொடுமுறையும் குத்துவரிசையும் ஆள் வைத்துப் பழக்குகிறார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே பல வாத்தியார்களின் முகம் மலர்ந்துவிடும். பெற்றோர் யாரும் அதைக் கேட்பதில்லை.

களரிக்கும் இதே கணக்குதான். உடலை வளைக்கவும் குதிக்கவும் அதற்கு நிகரில்லை, ஆள் வைத்து மோதிப் பழகுகிறார்களா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வர்மத்தைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். உடம்பில் அடி தாங்காத இடங்கள் உண்டு என்பதில் சந்தேகமில்லை. தொண்டை, தாடையின் ஓரம், விலாவுக்குக் கீழ், விதைப்பை. குத்துச்சண்டைக்காரருக்கும் அவை தெரியும். பிரச்சினை இடத்தை அறிவதில் இல்லை, அசையும் ஆளின் மேல் அதைத் தொடுவதில்தான். இடத்தை அறிந்தவர் பலர், நகரும் ஆள் மேல் அங்கே கை கொண்டுபோகத் தெரிந்தவர் சிலர். வைத்தியமாக வர்மம் கற்பது தனி மரபு, அதற்குள் நான் போகவில்லை. தற்காப்பாக அதை விற்பவரிடம், எதிர்க்கும் ஆள் மேல் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கத்தியைப் பிடுங்கும் வித்தை

இதற்கு ஒரு வீட்டுச் சோதனை போதும். பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தம்பி கையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, அதைக் கத்தி என்று நினைத்து விடாமல் குத்தச் சொல்லுங்கள். வகுப்பில் கற்ற தடுப்புகளைச் செய்யுங்கள். முப்பது வினாடி கழித்துச் சட்டையைப் பாருங்கள். கத்தி என்றால் பர்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுங்கள் என்று சொல்லாத மாஸ்டரிடம் எனக்கு மதிப்பு கிடையாது.

சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும்

கறுப்பு பெல்ட் வாங்கினால் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும், அவர் கையே ஆயுதமாகக் கருதப்படும் என்று ஒரு கதை பல வருடமாக ஓடுகிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

இருப்பது தற்காப்புரிமை. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக இருக்கிறது. தன் உடம்பையும் பொருளையும், பிறர் உடம்பையும் பொருளையும் காக்க பலத்தைப் பயன்படுத்துவது குற்றமாகாது. ஆனால் இரண்டு எல்லைகள் உண்டு. காப்பதற்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக் கூடாது. காவல்துறை போன்றவர்களின் உதவியைப் பெற அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. உயிர் போகும் பயம், கொடுங்காயம், வல்லுறவு, கடத்தல், அமிலவீச்சு போன்ற கடுமையான தாக்குதல்களில் மட்டும், எதிராளி இறந்துபோகும் அளவுக்கும் இந்த உரிமை நீளும்.

நடைமுறையில் பார்த்தால், கையைப் பிடித்தவனைத் தள்ளி, முழங்காலால் இடித்துவிட்டு ஓடினால் அது தற்காப்பு. அவன் கீழே விழுந்து கிடக்கும்போது திரும்பி வந்து நாலு உதை விட்டால் அது நாம் செய்யும் தாக்குதல். பறித்த போனை மீட்ட பிறகு ஊர் கூடிக் கட்டிவைத்து அடிப்பதும் தற்காப்பு ஆகாது. நல்ல வகுப்பில் எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்கும். ஓடிப் பத்திரமான இடத்துக்குப் போனதும் அவசர உதவி எண் 112-க்கு அழைப்பது, பெண்கள் என்றால் பெண்கள் உதவி எண் 181-ம் உண்டு என்பதும் அந்தப் பாடத்தில் சேர்ந்தது.

வகுப்பைப் போய்ப் பார்க்கும்போது

பணம் கட்டும் முன் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். வகுப்பு உப்பளம் பக்கத்து உள்ளரங்கில் நடக்கலாம், கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலோ யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலோ நடக்கலாம். இடத்தின் பளபளப்பை விட்டுவிடுங்கள். பார்க்கக் கூடாது என்று சொன்னால், குறிப்பாகக் குழந்தைகள் வகுப்பில், அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு எந்தக் காரணமும் பொருந்தாது.

அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பழகினார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள். புதியவர்களுக்கு முதல் சில வாரம் இல்லாமல் இருக்கலாம், அது சரிதான். ஒரு வருடம் ஆன மாணவர்களுக்கும் இல்லை என்றால் யோசியுங்கள். மூத்த மாணவர்கள் புதியவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். பதினாறு வயதுப் பையன் பத்து வயதுக் குழந்தையை வெளுத்து வாங்குவதை மாஸ்டர் சிரித்துக்கொண்டே பார்த்தால், அது எதிர்ப்புப் பயிற்சி இல்லை, கொடுமை. பல் கவசம், விதைப்பைக் கவசம், கையுறை கேட்கிறார்களா? தலைக்கவசம் இருந்தால் கிழிசல் காயம் குறையும். ஆனால் மூளை உள்ளே குலுங்குவதை அது தடுக்காது. ஆகவே பிள்ளைகள் தலையில் பலமாக அடித்துப் பழகும் வகுப்பு எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். தலையில் அடிபட்டு மயங்கியவரையோ வாந்தி எடுத்தவரையோ மறுபடி களத்தில் இறக்கும் வகுப்பு என்றால் உடனே விலகுங்கள்.

பிடி, நிலை திருத்தம் என்று மாஸ்டர் தொட்டுத்தான் கற்றுத்தர வேண்டியிருக்கும். தொடும் முன் சொல்கிறாரா, எல்லோர் முன்னிலையிலும் செய்கிறாரா, பெண்கள் பெண்களோடு பழக வழி இருக்கிறதா என்று கவனியுங்கள். தனி வகுப்பு, பூட்டிய அறை, இரவில் தனியாகச் செய்தி அனுப்புவது, இதில் எது வந்தாலும் எச்சரிக்கை.

பெல்ட்டைப் பற்றியும் கொஞ்சம். தரநிலை கொடுக்கும் வழக்கத்தை 1880-களில் தொடங்கிவைத்தவரும் அதே கானோதான். மாணவர் எங்கே நிற்கிறார் என்று தெரிவதற்காக வைத்தது. பல கலைகளும் அதை எடுத்துக்கொண்டன. இன்றைக்குச் சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் கிரேடிங் என்ற தரநிலைத் தேர்வுக் கட்டணம் என்று ஆகிவிட்டது. கறுப்பு பெல்ட் வரைக்கும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். தேர்வில் யாராவது தோற்றதுண்டா என்றும் கேளுங்கள். யாருமே தோற்காத தேர்வு, கட்டண ரசீது மட்டும்தான். எட்டு வயதுக் குழந்தையின் இடுப்பில் கறுப்பு பெல்ட்டைப் பார்த்தால் குழந்தையைப் பாராட்டுங்கள், வகுப்பைச் சந்தேகியுங்கள்.

மாஸ்டர் எந்த நாட்டுக்குப் போய் வந்தார் என்ற சுவர்ப் படங்களைவிட, அவரிடம் மூன்று நான்கு வருடம் படித்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா என்பது பெரிய சான்று. கூடவே, வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் போகக்கூடிய நடுத்தரமான வகுப்பு, ஊரின் மறுகோடியில் இருக்கும் அருமையான வகுப்பைவிட மேல் என்று நினைக்கிறேன். முதலாவதுக்கு வாரம் மூன்று நாள் போவீர்கள். இரண்டாவதுக்கு இரண்டு மாதம் போய்விட்டு விட்டுவிடுவீர்கள்.

வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் தலையாட்டாதீர்கள், முதல் மூன்று மாதத்துக்கு மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். இன்னொரு கேள்வியை நம் ஊரில் அவசியம் கேட்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை பிடித்துக்கொண்டால் மைதானத்தில் நடக்கும் வகுப்புகள் பாதி நாள் ரத்தாகும். மழைக்காலத்தில் எங்கே நடத்துகிறார்கள், நடக்காத நாட்களுக்குக் கட்டணம் உண்டா என்று சேரும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.